முரளியிடம் பெர்த் கேட்டு நின்ற நாள்

கருப்புக் கோட்டு புதிதாகத் தைத்துக்கொண்ட தம்பிகளே,

உங்களில் யார் ஹவுராவை அடுத்த சாந்த்ராகாச்சிப் பக்கம் வந்தாலும் என் வீட்டில் காப்பி உண்டு. காப்பி குடித்து முடித்ததும் நீங்கள் கேட்கப்போகிற கேள்வியும் எனக்குத் தெரியும். "ரிடையர் ஆனப்புறம் பொழுது எப்படி சார் போகுது?" கேட்கும்போதே முகத்தில் ஒரு பரிதாபம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பரிதாபம் எனக்குப் பிடிக்காது.

என் பொழுது நன்றாகப் போகிறது. டிக்கெட் பரிசோதகனாக வேலை பார்த்த காலத்தைவிட நன்றாகவே போகிறது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அது தானாக அமையவில்லை. ஓய்வு பெற்ற முதல் வருடம் நான் என்னைப் படுத்திக்கொண்ட பாட்டை என் மனைவி பாக்கியத்திடம் கேட்டால் ராகம் போட்டுச் சொல்லுவாள். அதிலிருந்து நான் மீண்டது ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஹவுராவில், மதராஸ் வண்டியின் வாசலில். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சார்ட் பார்ப்பது, அபராதம் போடுவது எல்லாம் உங்களுக்கு டிரெயினிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் நான் வாய் வைக்கவில்லை.

கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன். அறுபதுகளின் கடைசியில் என்னை மதராஸ் வண்டியில் போட்டார்கள். வண்டி புறப்படும் முன்பே வாசலில் கூட்டம் மொய்க்கும். ஒருவர் கையில் பெரிய அதிகாரியின் சிபாரிசு. இன்னொருவர் வாயில், "அண்ணாச்சி, நானும் திருநெல்வேலிதான்." காலியாக இருக்கும் பெர்த்துகளை அந்த வாசலிலேயே கொடுத்துத் தீர்த்துவிடுவேன். வேலை சுருக்கமாக முடிந்துவிடும். ஒரு நாள் அப்படிக் கொடுத்து முடித்துவிட்டு மறுகோடிக்குப் போனேன். கழிவறை ஓரமாக ஒரு பெண் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பிறந்து சில நாளே ஆன குழந்தை. அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

என்னோடு வந்த சீனியர் கண்டக்டர் கடுகடுப்பான ஆள், ஆங்கிலோ இந்தியர். அந்தப் பெண்ணையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "வாசலில் நிற்பவனுக்கு வாய் இருக்கிறது. வாய் இல்லாதவர்கள் கடைசியில்தான் இருப்பார்கள். முதலில் கடைசி வரை நட. பிறகு கொடு" என்றார். ஆங்கிலத்தில் சொன்னார். நடுவில் சில கெட்ட வார்த்தைகளும் இருந்தன, அவற்றை விட்டுவிடுகிறேன்.

அன்றிலிருந்து அதுதான் எனக்குச் சட்டம். வண்டி கிளம்பி, எனக்கு ஒதுக்கிய பெட்டிகளில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஒவ்வொரு முகத்தையும் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறப்பேன். ஊர், ஜாதி, சபை, சிபாரிசு எதுவும் செல்லாது. எங்கள் பக்கத்தில் பாதிரியாரை ஐயர் என்று சொல்வது வழக்கம். எங்கள் சபை ஐயரே ஒரு தடவை தன் மச்சினிக்காக வாசலில் வந்து நின்றார். அந்த அம்மாள் கரக்பூர் தாண்டும்வரை உட்கார்ந்துதான் போனார். ஐயர் கொஞ்ச காலம் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் கவலைப்படவும் இல்லை.

வேலையின் கடைசி வருடங்களில் என்னிடம் வேலை பழக வந்தவன் முரளி. கரக்பூர் ரயில்வே காலனித் தமிழன். அவன் பேசும் தமிழில் பாதி வங்காளி, மீதியில் பாதி தெலுங்கு. அவனையும் கடைசி வரை நடக்க வைத்தேன். "கால் வலிக்குது சார்" என்பான். "வலிக்கட்டும்" என்பேன். கெட்டிக்காரன் என்று அவன் முகத்துக்கு நேராக நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

பிறகு ரிடையர் ஆனேன். மாலை போட்டார்கள். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். வேலையில் இருந்தவரை நேரம் போதாமல் தவித்தவனுக்கு, நேரத்தைத் தவிர வேறெதுவும் மிஞ்சாத நாளில் கடிகாரம் கொடுப்பது நம் இலாகாவின் வழக்கம்.

எனக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. இத்தனை வருடமும் என் ஞாயிற்றுக்கிழமைகள் வண்டிக்குத்தான் போயின. கிறிஸ்துமஸ் ஆராதனையைப் பல தடவை ஓடும் பெட்டியின் வாசலில் நின்று மனதுக்குள் நடத்தி முடித்திருக்கிறேன். ஆண்டவருக்கென்று நான் என்ன செய்தேன் என்று அடிக்கடி நினைப்பு வரும். அந்த நேரம் பார்த்து ஐயர் வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, இனிமே ஃப்ரீதானே?"

அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. கல்கத்தாவில் எங்கள் தமிழ்ச் சபை சிறியது, வேலைகளோ பெரிய சபைக்கு உள்ளவை. செயலாளர் ஆனேன். ஞாயிறு பள்ளிக்குப் பொறுப்பானேன். கல்லறைத் தோட்டக் கமிட்டி, வீடு சந்திப்புக் குழு, கட்டட நிதி என்று யார் வந்து கேட்டாலும் தலையாட்டினேன். பாடகர் குழுவில்கூடச் சேர்த்துவிட்டார்கள். என் குரலை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். டிக்கெட், டிக்கெட் என்று கத்திக் கத்திக் கெட்டுப்போன குரல். அதையும் ஏற்றுக்கொண்டார்கள் என்றால் ஆள் பற்றாக்குறையை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

காலையில் சாந்த்ராகாச்சியில் லோக்கல் வண்டி ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவேன். ஒரு நாள் பாக்கியம் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "ரயில்வேயில இருந்து ரிடையர் ஆயிட்டிய. எங்கிட்ட எப்ப டூட்டிக்கு வருவிய?"

"ஊழியம் செய்யுததத் தடுக்காத" என்றேன்.

"நான் எங்க தடுத்தேன்? மீன் ஆறிப்போவுது, சாப்பிட்டுட்டு ஊழியத்துக்குப் போங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் காலை கிளம்பிவிட்டேன். வண்டியில் அத்தனை வருடம் வாசல் கூட்டத்தைத் தாண்டி நடந்தவன், சொந்த நாட்களை வாசலில் வந்து கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டிருந்தேன். அது அப்போது புத்தியில் ஏறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஹரிபத பாபு என்னைத் தேடி வந்தார். காளிகாட்டில் கோயிலுக்குப் போகும் சந்தில் பேடாக் கடை வைத்திருந்தவர். காளிக்குப் படைக்க ஜனங்கள் வாங்கிப்போகும் பால் இனிப்பு. அவர் மகள் மிலி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண். இதயத்தில் வால்வு கெட்டிருந்தது. வேலூரில்தான் ஆபரேஷன் என்று முடிவாகி, அங்கிருந்து தேதியும் வந்திருந்தது. கல்கத்தாவில் வேலூருக்கு வைத்தியத்துக்குப் போய்வராத தெரு கிடையாது. பாஷை தெரியாத ஊருக்குப் போகிற பயத்தில் ஒரு தமிழனைத் தேடினார். அவர் கடைக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த நம்மவர் ஒருவர் என்னைக் கைகாட்டிவிட்டார். நான் வேலூர்க்காரன் இல்லை, திருநெல்வேலிக்குத் தெற்கே என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

நான் விடுவேனா? அந்தப் பயணத்தையே முழுக்க என் கையில் எடுத்துக்கொண்டேன். மதராஸில் வண்டி மாறிக் காட்பாடியில் இறங்கி வேலூருக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, எதைச் சாப்பிடுவது எல்லாவற்றையும் நானே முடிவு செய்தேன். நோயாளிப் பெண், கால் நீட்டிப் படுத்துக்கொண்டு போகட்டும் என்று கீழ் பெர்த்தாகப் பார்த்து வாங்கினேன். நான் சொல்வதையெல்லாம் மிலி கேட்டுக்கொண்டிருப்பாள். கொஞ்சம் சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்கும், ஆனாலும் கிண்டலை விடமாட்டாள். "காகாபாபு, எல்லாத்தையும் நீங்களே பண்றீங்க. ஆபரேஷனையும் நீங்களே பண்ணிடுங்களேன்" என்பாள் வங்காளியில். காகாபாபு என்றால் சித்தப்பா. நான் சிரிப்பேன். அதில் இருந்த குத்தலைக் கவனிக்க எனக்கு நேரமில்லை.

அவர்கள் வெள்ளிக்கிழமை போகவேண்டியவர்கள். ஒரிசாவில் மழை கொட்டித் தண்டவாளத்தின் மேல் தண்ணீர் நின்றதால் அன்றைய வண்டியை ரத்து செய்துவிட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் வண்டி கட்டாயம் கிளம்பும் என்றார்கள். மிலி செவ்வாய்க்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். தவறவிட்டால் மறுபடி எப்போது இடம் கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவளால் அதிக நாள் தாக்குப்பிடிக்க முடியாது என்று இங்கே பார்த்துவந்த டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். ஆகவே அந்தச் சனிக்கிழமை வண்டியில் அவள் ஏறியே ஆகவேண்டும். ஆனால் அது சனிக்கிழமைப் பயணிகளுக்கான வண்டி. வெள்ளிக்கிழமைக்காரர்கள் அத்தனை பேரும் டிக்கெட்டோடும் பெட்டியோடும் அதே வண்டியின் முன்னால் நின்றார்கள்.

எனக்கு இன்னொரு இக்கட்டு. மறுநாள் ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. ஊரில் அறுவடையின் முதல் பலனைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைத்து ஏலம் விடுவார்கள். கல்கத்தாவில் எங்களுக்கு ஏது வயல்? ஆளுக்கொரு பூசணிக்காய், வாழைத்தார், கோழி, வீட்டில் சுட்ட முறுக்கு என்று கொண்டுவருவார்கள். ஒரே பூசணிக்காய்க்கு இரண்டு ஆபீசர்கள் விட்டுக்கொடுக்காமல் ஏற்றிக்கொண்டே போவதில்தான் பண்டிகையின் ருசி. நான்தான் கன்வீனர். சாமான்கள் எங்கள் சபைக் கோயிலின் பின்னறையில் இருந்தன. கோழிகளும் அங்கேதான். அறைச் சாவி என் சட்டைப் பையில்.

"வழியனுப்பிட்டு உடனே வந்துருதேன் ஐயரே" என்று சொல்லிவிட்டு ஹவுராவுக்குப் போனேன்.

பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமில்லை. மிலி ஒரு தகரப் பெட்டியின் மேல் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஹரிபத பாபு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் இருக்கேன்ல" என்றேன். சொல்லும்போது எனக்கு நல்ல தைரியம். ஏனென்றால் பெட்டி வாசலில் சார்ட்டோடு நின்றவன் முரளி.

கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு அவனிடம் போனேன்.

"முரளி, நம்ம பொண்ணுடா. ஹார்ட் பேஷண்ட். ஒரே ஒரு கீழ் பெர்த் போட்டுக் குடு."

என்னைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு நொடி மலர்ந்தது. பிறகு மாறிவிட்டது. "ரெண்டு பேரையும் உள்ள ஏத்துங்க சார். நேத்து டிக்கெட் இன்னைக்குச் செல்லும். பெர்த் இப்ப இல்ல."

"சார்ட்ல ஒண்ணு காலியா இருக்கு. பாத்துட்டுத்தான் கேக்கேன்." தலைகீழாகச் சார்ட் படிக்கும் பழக்கம் நமக்கு ஆயுசுக்கும் போகாது.

"இருக்கு சார். நான் இன்னும் நடக்கலையே."

சுற்றிலும் நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். தமிழ் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. ஒருவர் சிரித்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"எங்கிட்டயேவாடா?"

"உங்ககிட்டதான் சார்." குரல் தணிந்திருந்தது, ஆனால் ஆள் அசையவில்லை. "வழிய விடுங்க. பின்னால ஆளுங்க ஏறணும்."

தம்பிகளே, அந்த இடத்தில் நான் பட்டது அவமானம் என்றால் பாதிதான் உண்மை. அவனை ஓங்கி அறையலாம் போல இருந்தது. அதே நேரத்தில், இவன் என் பையன், நான் தயார் செய்த பையன் என்று உள்ளே ஏதோ நிமிர்ந்து நின்றது. இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருந்தன என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அப்பாவையும் மகளையும் ஏற்றினேன். நடைபாதை ஓரத்தில் தகரப் பெட்டியைப் போட்டு மிலியை உட்கார வைத்தேன். ஊதல் கேட்டது. நான் இறங்கியிருக்கவேண்டும். இறங்கவில்லை. பெர்த் வாங்கிக் கொடுக்காமல் இறங்குவதில்லை என்று ஒரு வீம்பு. வண்டி நகர்ந்துவிட்டது.

முரளி என்னைத் தாண்டிப் போனான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடுப்பாக நின்று, குனிந்து, கேட்டுக் கேட்டுப் போனான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன் என்பது தெரிந்ததால் கோபம் இன்னும் ஏறியது. அந்த வண்டி சாந்த்ராகாச்சியில் நிற்காது. யார்டும், நிறுத்திவைத்த பெட்டிகளும், எங்கள் தெருவுக்குத் திரும்பும் லெவல் கிராசிங்கும் கண் முன்னால் ஓடின. அப்போதுதான் கை தற்செயலாகச் சட்டைப் பைக்குப் போனது. சாவி. பூசணிக்காய், வாழைத்தார், கோழி எல்லாவற்றையும் பூட்டிச் சாவியோடு நான் மதராஸ் வண்டியில் போய்க்கொண்டிருக்கிறேன்.

முரளி கடைசி வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தான். என்னிடம் வரவில்லை. மிலியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அக்கா என்று கூப்பிட்டு வங்காளியில் கேட்டான். "தீதி, உங்களுக்கு என்ன வேணும்?"

அவளும் அவனை அண்ணனாக்கி, மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னாள். "படுக்கை வேணாம் தாதா. படுத்தா தண்ணியில முங்குற மாதிரி இருக்கு. மூச்சு நின்னுடும். வீட்டுலயும் உக்காந்துதான் தூங்குறேன். ஜன்னல் காத்தும், சாஞ்சுக்க ஏதாவதும் இருந்தாப் போதும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஹரிபத பாபுவைப் பார்த்தேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஆமாம் தாதா. நீங்க இவ்வளவு பிரியமா கீழ் பெர்த் வாங்கினீங்க. எப்படிச் சொல்றதுன்னு..."

வாரக்கணக்கில் அந்த வீட்டுக்குப் போய்வந்தவன் நான். அவள் எப்படிப் போகவேண்டும், எதைச் சாப்பிடவேண்டும் என்று பாடம் நடத்தியவன். உனக்கு என்ன வேணும் என்று ஒரு தடவை கேட்டேனா? முரளி கேட்டான்.

அவன் ஜன்னலோரத்துக் கல்லூரி மாணவனிடம் பேசி இடம் மாற்றினான். படுக்கைச் சுருள்களை முதுகுக்கும் பக்கவாட்டுக்கும் முட்டுக்கொடுத்து மிலியைச் சாய்த்து உட்கார வைத்தான். காற்று முகத்தில் அடித்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு நிதானமானது. காலியாக இருந்த ஒரே பெர்த்தை அவன் மறுகோடியில் இருந்த ஒரு தெலுங்கு அம்மாளுக்குப் போட்டுக் கொடுத்திருந்தான். வயிற்றில் ஆபரேஷன் செய்து, தையலைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறவள். கழிவறை ஓரமாகச் சுருண்டு கிடந்தாளாம். நான் கேட்டபடி வாசலிலேயே கொடுத்திருந்தால் பெர்த் மிலிக்கும் உதவியிருக்காது, அந்த அம்மாளும் தரையில்தான் போயிருப்பாள்.

எல்லாம் முடித்துவிட்டு அவன் என்னிடம் வந்தான். பேனாவைத் திறந்தான்.

"டிக்கெட் சார்?"

பிளாட்பாரம் டிக்கெட்டை நீட்டினேன். ஹரிபத பாபு பதறிப்போய்த் தன் பையைத் துழாவினார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"அபராதத்தோட எழுதணும் சார். எது வரைக்கும் எழுதட்டும்?"

சட்டைப் பையில் இருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தேன். கரக்பூரில் இறங்கினால் சாவியோடு திரும்பிவிடலாம், பண்டிகையைப் பார்க்கலாம். கூடவே போனால் அத்தனை பேருக்கும் முன்னால் கன்வீனர் ஓடிவிட்டான் என்ற பெயர். வேலையில் இருந்தபோது இந்த மாதிரி முடிவுகளை நொடியில் எடுத்தவன் திணறினேன். முரளி உதவிக்கு வரவில்லை. கடைசியில் மிலியின் பக்கம் திரும்பினேன்.

"நான் கூட வரட்டுமா, இறங்கட்டுமா? உனக்கு எது வேணும்மா?"

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அதுவரை அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "எனக்கு வேணாம் காகாபாபு. நான் போயிடுவேன். என்னை உள்ள கொண்டுபோனப்புறம் பாபா வெளியில தனியா உக்காந்திருப்பார். அங்க யாரோட பேசுவார்?"

ஹரிபத பாபு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காட்பாடி வரைக்கும் எழுது" என்றேன்.

எழுதினான். அபராதத்தில் ஒரு பைசா விடவில்லை. என்னிடம் இருந்தது போதவில்லை, மீதியைத் தன் சொந்தப் பையிலிருந்து போட்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தான். அதை வரி வரியாகப் படித்துப் பார்த்தேன். "சரியா எழுதியிருக்கடா" என்றேன். நான் அவனை முகத்துக்கு நேராகப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அவன் கண் கலங்கியது, அடுத்த தடுப்புக்குப் போய்விட்டான்.

கரக்பூரில் வண்டி நின்றபோது, ஹவுராவுக்குத் திரும்பும் வண்டியின் கண்டக்டரைப் பிடித்து, என்னிடம் வாங்கிய சாவியை அவரிடம் கொடுத்தான் முரளி. அது அன்று சாயங்காலமே பாக்கியத்தின் கையில் சேர்ந்துவிட்டது. முரளி டூட்டி முடிந்து ஒரிசாவில் குர்தா ரோடில் இறங்கினான். அடுத்து ஏறியவரிடம் மிலியைக் காட்டி ஒப்படைத்துவிட்டுத்தான் இறங்கினான். அவர் அடுத்தவரிடம் ஒப்படைத்தார். மதராஸ்வரை ஒவ்வொரு கருப்புக் கோட்டும் அந்த ஜன்னலருகே வந்து நின்று, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் போனது. நம் உத்தியோகத்தைப் பற்றி வெளியில் ஆயிரம் சொல்லுவார்கள். நான் அந்த ஜன்னலைச் சொல்லுவேன்.

மதராஸில் வண்டி மாறி, மாற்று உடை இல்லாமல் வேலூரில் இறங்கினேன். குறித்த நேரத்துக்கு மிலியைச் சேர்த்தோம். ஆபரேஷன் அன்று, அவளை உள்ளே கொண்டுபோன பிறகு, ஹரிபத பாபு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். காளியின் பிரசாதப் பூவைத் துணியில் முடிந்து வைத்திருந்தார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. பேடா எப்படிக் கிண்டுவது என்று கேட்டேன். முதலில் ஒரு வார்த்தை, பிறகு இரண்டு என்று சொல்ல ஆரம்பித்தவர், பால் எந்தப் பதத்தில் திரளும் என்பதுவரை சொன்னார். மிலி சின்ன வயதில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பேடா திருடித் தின்றதைச் சொன்னார். நடுவில் திடீரென்று நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தார்.

"தாதா, உங்க சாமிகிட்ட நீங்க சொல்லுங்க. உங்க பாஷையிலயே சொல்லுங்க."

அவர் கையிலும் பூவிலும் சேர்த்து என் கையை வைத்துக்கொண்டு தமிழில் ஜெபம் செய்தேன். செயலாளராக இருந்து கமிட்டிக்கு முன்னால் எத்தனையோ ஜெபம் செய்திருக்கிறேன், எல்லாம் நீளம். இது இரண்டு வரி. அதற்கு மேல் அழுகை விடவில்லை. ஆண்டவருக்கு நான் ஏதோ செய்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறுதியாகத் தோன்றியது.

மிலி கண் விழித்து எழுந்து உட்கார்ந்த பிறகுதான் நான் கல்கத்தா திரும்பினேன். இதற்கிடையில் பாக்கியத்துக்குத் தந்தி கொடுத்திருந்தேன். "ஏலம் ஜோர். அவசரம் வேண்டாம்" என்று பதில் வந்திருந்தது. வந்து பார்த்தால், கன்வீனர் இல்லாமல் பண்டிகை நிற்கும் என்று நினைத்த ஐயர் வாயெல்லாம் பல்லாக இருக்கிறார். ஏலத்தைப் பாக்கியமே எடுத்து நடத்தியிருக்கிறாள். பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, ஆபீசர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வெட்கப்படவைத்து ஏற்றிவிட்டாளாம். "ஒங்க வீட்டம்மா இருக்கையில நாங்க ஏன் அண்ணாச்சி ஒங்களப் பிடிச்சோம்?" என்றார் ஐயர். அதற்குப் பிறகு அவள்தான் கன்வீனர். அதிலும் எனக்குப் பெருமைதான்.

ஐயரிடம் மற்றப் பொறுப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தேன். பாடகர் குழுவை விட்டபோது மட்டும் அவர் மறுப்பு சொல்லவில்லை. மற்றவற்றுக்கு முகம் வாடினார். "ஊழியத்த விட்டுட்டா எப்படி அண்ணாச்சி?" என்றார். விடவில்லை, தேடிப் பிடித்துவிட்டேன் என்று சொன்னேன். மதராஸ் வண்டி கிளம்பும் நாட்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். வேலூருக்குப் போகிறவர்களைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன வேணும் என்று கேட்பேன். சிலருக்கு ஒரு தமிழ் வார்த்தை வேண்டும். சிலருக்குத் தண்ணீர். துணைக்கு வருபவர் ஒற்றை ஆளாக இருந்து, கேட்டுக்கொண்டால், ஓய்வு பெற்றவனுக்குக் கிடைக்கும் பாஸில் கூடவே போய் அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பாக்கியத்தோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆராதனை கேட்கிறேன். கலியாணமாகி இத்தனை வருடத்தில் அது எங்களுக்குப் புதுசு. மற்ற சாயங்காலங்களில் இருவரும் சாந்த்ராகாச்சி ஏரிக்கரையில் நடக்கிறோம். யாராவது வந்து, "ஃப்ரீதானே?" என்று கேட்டால், "இல்ல, வீட்டுல டூட்டி" என்கிறேன். இதற்கு மேல் ஒரு மனிதனுக்குப் பொழுது எப்படிப் போகவேண்டும்?

நீங்களும் ஒரு நாள் அந்தக் கோட்டைக் கழற்றுவீர்கள். கழற்றிய மறுநாளே உங்கள் வாசலில் கூட்டம் கூடும், எல்லோரும் நல்ல காரியத்துக்குத்தான் வருவார்கள். உடனே பேனாவைத் திறந்துவிடாதீர்கள். அதோடு, கொடுப்பதற்கு முன்னால் வாயைத் திறந்து கேளுங்கள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்னைவிட முப்பது வயது சின்னவன் என்று சொல்வதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

மிலியும் அவள் அப்பாவும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் திரும்பி வந்தார்கள். ஹவுராவுக்கு நானும் பாக்கியமும் போயிருந்தோம். வண்டி நின்றது. அப்பா சாமான்களை இறக்குவதற்குள் அவள் தானாகவே படியிறங்கி வந்துவிட்டாள். தலைமுடி ஒரு பக்கம் கலைந்து, கன்னத்தில் ரெக்சின் இருக்கையின் தடம் பதிந்திருந்தது.

"வழியெல்லாம் எப்படிம்மா இருந்துது?" என்று கேட்டேன்.

"தெரியலையே காகாபாபு" என்று சிரித்தாள். "படுத்தேன். தூங்கிட்டேன்."